காத்து போயும் கைவிடாத டயர்

எழுப்ப மனசு வரலம்மா, எழுதி வெச்சுட்டுக் கிளம்புறேன்.

காத்து போனாலும் ஓடுற ரன்-ஃப்ளாட் டயர் ரொம்பக் குலுக்குது, ஸ்போர்ட்ஸ் காருக்குச் சாதா டயர்தான் சரின்னு உன்கூட மல்லுக்கட்டினேன்ல? நீ விடாம அதையே போட வெச்ச. நேத்து ராத்திரி மாமாவை, அதான் உங்கப்பாவை, ஊர்ல இருந்து கூட்டிட்டு வரும்போது, மலை வளைவுல பின் டயர்ல காத்து மொத்தமும் போயிடுச்சு. டாஷ்போர்டுல விளக்கு எரிஞ்சப்பதான் எனக்கே தெரியும். வண்டி ஒரு பக்கமும் இழுக்கலை. அவர் தூங்கிட்டே வந்தார்.

வாசல்ல இறங்கி டயரைத் தொட்டுப் பார்த்தேன். உள்ள ஒண்ணுமே இல்லை, ஆனா எங்களைச் சுமந்து வந்திருக்கு.

டயர்க்காரர் காலையில வருவார். சாவி ஃப்ரிட்ஜ் மேல. நாலும் நீ சொன்ன ரகமே போடச் சொல்லு.

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோ.

பி.கு: உங்கப்பாவுக்கு விஷயம் தெரியாது. நீயே சொல்லிடு. உன் டயர்தான் காப்பாத்துச்சுன்னும் சேர்த்துச் சொல்லு.