கண்ணை மூடி நிற்பது

மார்ச் 3
குளியலறையில் விழுந்தேன். முகத்தில் சோப்பு, கண்ணை மூடினேன், அவ்வளவுதான் — சுவர் எங்கே, தரை எங்கே? புற்றுநோய் போய் ஒரு வருடம் ஆகிறது. அதற்குப் போட்ட மருந்து பாதத்து நரம்புகளைக் கெடுத்துவிட்டது. தரை இருப்பதே காலுக்குத் தெரிவதில்லை.

பார்லரில் நாத்தனார் நயமாக ஆரம்பித்தாள்: "அண்ணி, நீங்க கல்லாவுல உக்காருங்க. முடி வெட்டுறத நான் பாத்துக்கறேன்." நின்று நின்று நான் வளர்த்த கடை! கத்தரியோடு தடுமாறினால் யார் காதாவது போகும், எனக்கும் தெரியும். தெரிந்தும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் இன்னும் சாகலடி" என்றேன்.

மார்ச் 5
பிசியோதெரபி. சிங்க்கைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒரு பாதத்துக்கு முன் இன்னொன்றை ஒட்டி வைத்து நிற்பது. இதற்கா ஆட்டோ பிடித்துப் போனேன்?

மார்ச் 11
கால் நடுங்குகிறது. செய்தேன்.

மார்ச் 20
தினமும் கடை திறக்குமுன் பெரிய கண்ணாடிக்கு எதிரே பயிற்சி. இன்று எதையும் தொடாமல் ஒற்றைக் காலில்! நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கொக்கு தோத்துச்சு போங்க" என்றாள்.

மார்ச் 24
பிசியோதெரபிப் பெண்ணிடம் பெருமையாக நின்று காட்டினேன். "சூப்பர்க்கா. இப்ப கண்ண மூடுங்க." மூடியதும் சாய்ந்தேன். நல்லவேளை, பிடித்துக்கொண்டாள்.

"கண்ணாடியப் பாத்துக்கிட்டா செஞ்சீங்க? அப்ப இத்தனை நாளும் உங்க கண்ணுதான் நின்னுருக்கு, கால் இல்ல."

நாள் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்தே பிழைக்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்? அழுகையாக வந்தது. விட்டுத் தொலைச்சிடலாமா? ச்சே. மாட்டேன்.

மார்ச் 25
வெறும் சுவரைப் பார்த்து, கனமான நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி. கணுக்காலும் இடுப்பும் ஏதோ சொல்கின்றன. இத்தனை நாள் கேட்டதில்லை.

ஏப்ரல் 30
இப்போது விரல் நுனி மட்டும் நாற்காலியில்.

ஜூன் 9
மறுபடி கத்தரி எடுத்தேன். முதல் தலை, பழைய வாடிக்கைக்காரி டீச்சருடையது. நாத்தனார் என் முதுகுக்குப் பின்னாலேயே துடைப்பத்தோடு — பெருக்குகிறாளாம். தரையில் இன்னும் ஒரு முடிகூட விழவில்லை.

பாதியில் கரண்ட் போனது. வெளியே மழை மேகம், உள்ளே கும்மிருட்டு. கத்தரியை மூடி, டீச்சர் தலையிலிருந்து விலக்கிப் பிடித்தேன். கால் அப்போதும் மரத்துத்தான் இருந்தது. ஆடினேன். மறுபடி நேரானேன்.

"அண்ணி!"

"கத்தாதே. லைட்டக் காட்டு."

செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். வெளிச்சம் முதலில் என் காலில்தான் விழுந்தது, அப்புறம்தான் டீச்சர் தலையில். என் மேல் உயிரையே வைத்திருக்கிறாள், கழுதை. மீதியை வெட்டி முடித்தேன்.

சாயங்காலம் கடையைப் பூட்டும்போது, "நாளைக்கு வர்றவங்களை நீங்களே பாத்துக்கங்க அண்ணி. நான் பல் டாக்டர்கிட்ட போகணும்" என்றாள்.

அவள் பல்லுக்கு ஒரு கேடும் இல்லை.