குதிரை நின்ற கட்டம்

வைகாசி 6, செவ்வாய்
கச்சான் காத்து. கொடியில துணி நிக்கேல்ல. மூதூரில இருந்து சுபைதா கிளினிக்குக்கு வந்தவள், மருந்தெடுத்துக்கொண்டு பத்தரைக்கு இங்க. செஸ். வெண்டவளுக்குப் பித்தளைச் செம்பு.

இப்ப செம்பு என்னட்ட. போன ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டுப் போனவள். திரும்பி வந்த அண்டைக்குக் குதிரை வேற கட்டத்தில. நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போன நேரம் நகர்த்திப்போட்டாள். கள்ள ஆட்டம் எண்டு வெற்றியை எனக்கே எழுதினனான். எட்டு மாசம். மறக்கேல்ல.

காத்து எண்டு மூதூர் போட் நேரத்தோட போகுதாம். இண்டைக்கும் பாதி. பேத்தி தரணி சொன்னாள், உலகப் போட்டியில முந்தி அடுத்த நகர்த்தலை எழுதி உறையில ஒட்டி வைப்பினமாம். எழுதினன். சோத்தால ஒட்டினன்.

"உறை என்னட்ட இருக்கட்டும். உன்ர வீட்டில இருந்தா ஒண்டு ரெண்டாக் குட்டி போடும்" எண்டாள் சுபைதா.

பலகையைத் தரணி போனில படம் எடுத்தாள்.

7, புதன்
சூடை மீன் ஆயேக்க தரணி போனில இருந்து வாசிச்சாள். உலகத்துப் பெண்டுகளில செஸ்ஸில முதல் பட்டம் எடுத்தவ உலக யுத்தத்தில குண்டு விழுந்து செத்தவவாம். சாகுமட்டும் பட்டம் அவவிட்ட. அந்த யுத்தத்தில எங்கட துறைமுகத்திலயும் குண்டு விழுந்தது, அம்மா சொல்லுவா. பிறகு எங்கயோ ஒரு சின்ன மலைத் தேசத்துப் பெண்டுகள் மாறி மாறிக் கன வருசம். பிறகு சீனப் பிள்ளையள். முந்தி ஒருக்கா பட்டப் போட்டியில ரெண்டு பேரும் சமனாம், பட்டம் பழையவளுக்கே. நல்ல சட்டம்.

"பெண்டுகளுக்கு இது ஏறாது" எண்டவர் என்ர மனுசன். அவர் விளையாடேக்க கதிரைக்குப் பின்னால நிண்டே பழகினனான். ஆள் செத்துப் பதினாறு வருசம். இன்னும் மன்னிக்கேல்ல.

9, வெள்ளி
வீடு கழுவினது. விளக்கேத்த முன்னம் பலகையையும் துடைச்சுக் காயளைத் திரும்ப வச்சன். எல்லாம் மனசில இருக்கு எனக்கு.

தரணி படத்தைப் பாத்தாள். "அம்மம்மா, குதிரை ஒரு கட்டம் தள்ளி நிக்குது."
"படம் பிழை."
"படம் என்னெண்டு பிழைக்கும்?"

ஒவ்வொரு வெள்ளியும் துடைக்கிறனான். போன ஆட்டத்துக்கும் துடைச்சனான்.

குதிரையைப் படத்தில நிண்ட கட்டத்துக்கே மாத்தினன். பிறகு முகம் கழுவேக்க சிரிப்பு வந்திட்டுது.

20, செவ்வாய்
காத்து இல்லை. கடல் தட்டையா. சுபைதா உறையைக் கிளினிக் கொப்பிக்குள்ள வச்சுக் கொண்டு வந்தாள். ஒட்டு அப்பிடியே. எறும்பு ஒரு மூலையைத் திண்டிருக்கு, அவ்வளவுதான்.

உறையில எழுதினபடி என்ர ராணியை நகர்த்தினம். அவள் நல்லா யோசிச்சாள். கடைசியில ரெண்டு ராசாவும் மட்டும் மிச்சம். சமன்.

"சமன் எண்டா உலகத்துச் சட்டப்படி பட்டம் பழையவளுக்கே, செம்பு அம்மம்மாவுக்கு" எண்டாள் தரணி.
சுபைதா முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டு எழும்பினாள். "உலகத்துச் சட்டம் எண்டா என்ன செய்யிற, புள்ள."

அவள் செருப்புப் போடுமட்டும் அலுமாரிக்கு மேல செம்பைப் பாத்துக்கொண்டு நிண்டன். பிறகு சொன்னன்: "போன ஆட்டத்தில அந்தக் குதிரையை நகர்த்தினது நான்தான். துடைக்கேக்க."

செருப்பைக் கழட்டினாள். உள்ள வந்து செம்பை எடுத்துப் பைக்குள்ள வச்சாள். அதுக்குப் பிறகுதான் கதிரையில விழுந்து, பல்செட்டைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சாள். "எட்டு மாசமா என்னைக் கள்ளி எண்டாயேடி மகேசு. இனி என்ர முறை." எனக்கும் சிரிச்சு வயிறு நோ.

ஜெற்றி வரைக்கும் போனனான். போட் வெளிக்கிடேக்க செம்பைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டினாள். சனமெல்லாம் அவளைத்தான் பாக்குது.

அலுமாரிக்கு மேல செம்பு இருந்த இடத்தில வட்டமா ஒரு தடம். வெள்ளி வரட்டும். துடைக்கமாட்டன்.