இழுத்துப் பிடித்த மூச்சு

என்னவனுக்கு,

மூச்சை இழுத்துப் பிடித்தே நீ ஊரை ஏமாற்றுகிறாய்.

நேற்று நர்ஸ் என் வயிற்றை அளந்து முடித்ததும் டேப்பைப் பிடுங்கி உன் இடுப்பில் சுற்றினாய். "சிஸ்டர், எங்க ரெண்டு பேர்ல யாருக்கு முதல்ல பிரசவம்?" எல்லோரும் சிரித்தோம்.

"மூச்சை விடுங்க அண்ணே" என்றாள் நர்ஸ். விட்டாய். டேப்பைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுபோனது. "கை கால் ஒல்லியா இருக்குன்னு ஏமாறாதீங்க. இந்தத் தொப்பைதான் ஆபத்து. வெறும் வயித்துல சுகர் பாருங்க."

பேச்சை மாற்றிவிட்டாய். ஏனென்று எனக்குத் தெரியும். சர்க்கரை என்று தெரிந்தால் கம்பெனி உன்னிடமிருந்து லாரிச் சாவியை வாங்கிவிடும். நாள் முழுக்க உட்காரவைத்து, நேரத்துக்குச் சாப்பிடவிடாமல் அந்த வயிற்றை வளர்த்ததே அவர்கள்தான்! சாவிக்குப் பயந்து உன் அண்ணனும் சர்க்கரையை மறைத்தார். இன்று செருப்பு வாங்கினால் ஜோடியில் ஒன்றைத் தூக்கி எறிகிறார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். தூங்குவதுபோல் குறட்டை விட்டாய். அதனால் எழுதி, உன் சட்டைப் பையில் வைக்கிறேன்.

நாளைக் காலை டீ குடிக்காமல் சுகர் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க என்னோடு வா. வருவாயா, மாட்டாயா?

இப்படிக்கு,
இரண்டு வயிற்றையும் சுமப்பவள்