ஓடும் வயருக்கு வோல்டேஜ்

தை 9, வியாழன். மன்னார்குடி.

மஸ்கட்டிலிருந்து வீட்டுக்காரர் அனுப்பிய வயர் ஃபீடரை, வெல்டிங் வயரைத் தானாகத் தள்ளிக்கொடுக்கும் கருவியை, இன்று எங்கள் பட்டறையின் பழைய ராடு வெல்டிங் மிஷினோடு இணைத்தேன். அறுவடை மிஷினின் உடைந்த சட்டத்தோடு ஒருவர் காத்திருந்தார். வயர் ஒரு சமயம் இரும்பில் முட்டி நின்றது, மறு சமயம் அது வெளிவரும் குழாய் முனை வரைக்கும் உருகியது. மஸ்கட்டுக்குப் போன் போட்டேன்.

“அந்த மிஷின் கரண்டைத்தான் ஒரே அளவா வச்சிருக்கும், மாலா. வோல்டேஜ் ஏறி இறங்கும். ஓடுற வயருக்கு வோல்டேஜ்தான் மாறாம நிக்கணும். அதுக்கு வேற மிஷின் வேணும். இப்ப ராடுலயே ஒட்டிக் குடு.”

பத்து நிமிடம் உற்சாகமாக விளக்கினார். “வேறென்ன?” என்றார்.

“ஒண்ணுமில்லீங்க.”

ராடிலேயே ஒட்டினேன். நன்றாகப் பிடித்தது.

இந்தப் பொங்கலும் தனியாகத்தான் போனது என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். அவர் என்னிடம் இவ்வளவு நேரம் பேசிப் பல மாதங்கள் ஆகின்றன. நாளைக்குக் கேட்க மிஷினில் இன்னொரு சந்தேகம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.