பின்னால் முளைக்கும் தண்டவாளம்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
4-3-1991

அன்பு மருமகள் ரமணிக்கு,

மாமா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். என் மூட்டுவலி என்னைவிடத் திடமாக இருக்கிறது.

உன் ஆராய்ச்சி பற்றி நீ எழுதிய கிருமிக் கதையை ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரப்பிவிட்டேன். நம் உடம்புச் செல்லுக்குள் புகுந்த பிறகு அதற்குக் காலில்லை, துடுப்பில்லை, ஆனாலும் ஓடுகிறது என்றேன். "அப்புறம் எப்படிண்ணே?" என்று தேத்தண்ணிக் கடையே எழுந்து நின்றது. கூட்ஸ் வண்டியைப் பின்னாலிருந்து எஞ்சின் தள்ளுமே, அப்படித்தான் என்றேன். யார்டில் பெட்டிகளைத் தள்ளிக் கோக்கும் ஷண்டிங்கிலேயே தலை நரைத்தவன் சொன்னால் யார் மறுப்பது? இப்போது பாதிப்பேர் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பக்கத்து வீட்டுக் கன்னையாவின் மகள் வீரம்மா மறுபடி முழுகாமல் இருக்கிறாள். போன முறை ஆறாம் மாதத்தில் குழந்தையைக் கொண்டுபோனது நீ ஆராயும் அதே கிருமிதானாம். அதனால் வளைகாப்பில், அத்தனை பெண்கள் நடுவே, "எம் மருமக மருந்து கண்டுபிடிச்சிட்டா, அடுத்த பார்சல்ல வருது" என்று அறிவித்தேன். நீ கண்டுபிடிக்காமலா இருப்பாய்? கன்னையா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

இப்போது அவளுக்கு லேசான காய்ச்சல். கிளினிக்குக்குப் போகாமல் உன் மருந்துக்காகவே காத்திருக்கிறாள். சீக்கிரம் அனுப்பு.

ஆசிகளுடன்,
தம்புசாமி மாமா


மான்செஸ்டர்
12-3-1991

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. படித்த கையோடு தந்தி கொடுத்துவிட்டேன்: வீரம்மாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

என்னிடம் மருந்து இல்லை, மாமா. அந்தக் கிருமி எப்படி நகர்கிறது என்று பார்ப்பவள் நான், அவ்வளவுதான். இதற்கு மருந்து வெகுகாலமாகவே உண்டு, அங்கே ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. இதுவும் அதே காய்ச்சலா என்பது ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். தாமதம்தான் ஆபத்து.

எஞ்சின் கதையும் தப்பு. அங்கே எஞ்சினே கிடையாது. செல் தன் உருவத்தைத் தாங்க ஆக்டின் என்ற புரதத்தை வைத்திருக்கிறது. கிருமி அதைத் தன் பின்புறம் வரவழைத்துக்கொள்கிறது. வண்டிக்குப் பின்னால் தண்டவாளம் முளைத்துக்கொண்டே வருகிறது, அந்த முளைப்பே வண்டியை முன்னே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பும் நம்முடையது, கூலியாளும் நம்மவர். அப்படியே சுவரை நெட்டி அடுத்த செல்லுக்குள் போய்விடும். வெளியே தலைகாட்டாததால் நோயை எதிர்க்கும் உடம்பின் காவல்காரர் கண்ணில் படாது.

வளைகாப்பில் சொன்னதை அதே ஆட்கள் முன்னால் இல்லை என்று சொல்லுங்கள். உங்களால் முடியுமா என்றுதான் எனக்குப் பயம்.

ரமணி


பிரிக்ஃபீல்ட்ஸ்
21-3-1991

அன்பு ரமணிக்கு,

தந்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கன்னையா வீட்டுக்குப் போனேன். வளைகாப்புக்கு வந்த பெண்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். வீரம்மா போர்வைக்குள்ளிருந்து, "மருந்து வந்திருச்சா மாமா?" என்றாள்.

"இல்லம்மா. எம் மருமககிட்ட மருந்தே இல்ல. நானா சொன்னது. எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"பார்சல் வருதுன்னு சொன்னே லா!" என்று கன்னையா கத்தினான். "டாக்டர் அங்கிள்!" என்று யாரோ சிரித்தார்கள். நான் டாக்ஸி பிடிக்க ஓடினேன்.

அதே கிருமிதான். மருந்து நரம்பில் ஏறுகிறது, காய்ச்சல் இறங்கிவிட்டது. குழந்தையின் நிலை இனிமேல்தான் தெரியும் என்கிறார்கள்.

உன் கடிதத்தை வார்டுக்கு வெளியே உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தேன். என் பேச்சுக்கும் காலில்லை, ரமணி. அந்த வீட்டு ஆசைதான் அதற்குப் பின்னால் தண்டவாளம் போட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

கன்னையா இன்னும் என்னோடு பேசவில்லை. நேற்று நர்ஸ் வீரம்மாவின் வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் நெஞ்சுத்துடிப்பைக் கேட்கவைத்தாள். கதவோரம் நின்ற எனக்கும் கேட்டது. அது எந்த வண்டியின் சத்தம் மாதிரி இருந்தது என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அதை மட்டும் எழுதவில்லை. துடிப்பு கேட்டது, அவ்வளவுதான்.

தம்புசாமி