கண்ணாடியின் உட்பக்கத்துப் பனி

22 நவம்பர் 1993, திங்கள்
அண்ணையின் வீட்டுப் பேஸ்மென்டுக்கு வந்து மூன்று வாரம். என் ஜன்னல் தோட்டத்து மண் மட்டத்தில் இருக்கிறது. காலையில் வெறும் பாத்தியில் ஊசி ஊசியாய் ஐஸ் முளைத்து, மண்கட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றது. வடிவுதான். பார்த்து நின்றதில் பஸ் போய்விட்டது.

9 டிசம்பர்
மழை விழுந்து உறைந்ததில் ரோசாச் செடியின் ஒவ்வொரு முள்ளுக்கும் கண்ணாடி உறை.

"உன்ரை புருசன் திருந்தீட்டானாம். மிசிசாகாவுக்குத் திரும்பிப் போற வழியைப் பார்" என்றார் அண்ணை. அடித்தவன் டெலிபோனில் திருந்தினால் போதுமாக்கும். போகமாட்டேன்.

6 ஜனவரி 1994
இப்போது பனி கண்ணாடியின் உட்பக்கத்தில். இலை இலையாய்ப் படர்ந்து தோட்டத்தையே மறைத்துவிட்டது. இரண்டு சுவெட்டர் போட்டும் நடுக்கம். அறைக்குச் சூடே வருவதில்லை.

"ஃபர்னஸ் கிழடு, என்ன செய்யிறது?" என்றார் அண்ணை. அவர் மனைவி யூஜினி மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா.

13 ஜனவரி
பின்பக்கக் கூரையிலிருந்து பாத்தி வரைக்கும் ஐஸ் தொங்குகிறது. வேலையிடத்தில் சொன்னேன். கிறிஸ்ரினா சிரித்தாள். "வீட்டுச் சூடு கூரைப்பனியை உருக்கினால்தான் உப்பிடித் தொங்கும். மேல நல்ல சூடடி."

கிழட்டு ஃபர்னஸுக்கு மாடியில் மட்டும் இளமை!

14 ஜனவரி
ஃபர்னஸ் அறைக்குள் போய்ப் பார்த்தேன். என் அறைக்குச் சூடு வரும் குழாயை யாரோ பிடியைத் திருப்பி மூடியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ — மச்சாள்தான். நான் அவவுக்கு என்ன செய்தனான்? செபமாலை உருட்டுற கை இதையும் செய்யுமோ?

திறந்துவிட்டேன்.

15 ஜனவரி
திரும்பவும் மூடியிருக்கிறது.

16 ஜனவரி, ஞாயிறு
விடிய எழும்பி ஃபர்னஸுக்குப் பின்னால் நின்றேன். வந்தது அண்ணை. பிடியைத் திருப்பிய பிறகுதான் என்னைக் கண்டார். வெட்கப்படவும் இல்லை.

"குளிர் தாங்கேலாமல் புருசனட்டைப் போவாய் எண்டு நினைச்சன்."

"அடி தாங்கினவளுக்குக் குளிர் பெரிசே அண்ணை?"

அவர் பூசைக்கு நேரமாச்சு என்று மேலே போனார்.

மத்தியானம் மச்சாள் வந்து கட்டிலில் இருந்தா. "நானும் திறந்து திறந்துதான் விட்டனான். மனுசன் விடேல்லை."

அவவைத் திட்டின பக்கத்தைக் கிழிக்கவில்லை. இருக்கட்டும், எனக்கு நல்லா வேணும்.

27 பெப்ரவரி, ஞாயிறு
வெக்ஸ்போர்ட்டில் தனியாய் அறை எடுத்து இரண்டு வாரம். மூன்றாம் மாடி. கீழே கார் நிறுத்துமிடம். அங்கேயும் ஐஸ் இருக்கிறது, பார்க்க மனமில்லை.

பின்னேரம் யூஜினி மச்சாள் வந்தா, சூட்கேசோடு. எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை.

ஆறு மணிக்கு அண்ணை டெலிபோன் எடுத்தார். "யூஜினி அங்கை வந்தவளே?"

மச்சாள் தேத்தண்ணியைக் குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

"இல்லையே அண்ணை" என்றேன்.