பெட்டியில் என்ன எழுதுவது, பாய்?

பாய்,

நீங்கள் வைத்த பெட்டி என் முன்னால் திறந்து கிடக்கிறது. "படத்தில் என்ன இருக்கிறது?" என்று அதன் தலையில் ஒரு கேள்வி. பல்கலைக்கழக இணையதளத்தில் யார் எந்தப் படத்தை ஏற்றினாலும், இந்தப் பெட்டியில் ஏதாவது எழுதினால்தான் பக்கத்தைச் சேமிக்க முடியும் என்று விதி செய்தவர் நீங்கள். இதில் நான் எழுதாத படமா? கட்டடம், மரக்கன்று, பதக்கம், பேராசிரியர், பேராசிரியருக்குப் போர்த்திய பொன்னாடை. இன்று வந்திருப்பது உங்கள் படம். காலையிலிருந்து கை ஓடவில்லை.

கௌசல்யாதான் போன் செய்தாள். முதுகலை முடிக்கப் போகிறாள் இப்போது. உங்கள் முகத்தை அவள் பார்த்ததில்லை, யார் முகத்தையும் பார்த்ததில்லை. பிறவியிலேயே பார்வை கிடையாது. போனில் இருக்கும் செயலி வாசித்துச் சொல்வதுதான் அவளுக்கு இணையதளம்.

"அக்கா, பாய் சாருக்கு நம்ம வெப்சைட்ல அஞ்சலி போட்டிருக்காகளாமே. எம் போனு 'போட்டோ'ன்னு மட்டும் சொல்லிட்டுக் கீழ போயிருது. சார் அதுல எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

நிர்வாக அலுவலகத்தில் யாரோ அவசரமாக ஏற்றியிருக்கிறார்கள். பெட்டியில் 'போட்டோ' என்று தட்டிவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். உங்களுக்கே அப்படி, பாய். நான் அந்தப் பக்கத்தை அதுவரை திறக்கவில்லை, திறக்கத் தெம்பில்லை. "சாயங்காலத்துக்குள்ள எழுதிர்றேன்மா, அப்புறம் கேளு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இப்போது வெயில் இறங்கிவிட்டது. அவள் காத்துக்கொண்டிருப்பாள்.

உங்கள் மேசையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. சண்டை போட்டுத்தான் வைத்திருக்கிறேன். நம் அறையில் அப்போது இருந்ததே இரண்டு மேசையும் ஒரு மின்விசிறியும்தான். நான் பள்ளிக்கூடத்து வேலையை விட்டுவிட்டு எழுத்துத் திருத்த வந்தவள். நீங்கள் கணினிப் பக்கம். வயதில் நமக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் முதல் நாளே என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்து, கடைசிவரை மாற்றவில்லை. என் கைப்பையின் வாரில் கட்டியிருக்கும் சின்ன மணியைப் பற்றி உங்களுக்கு ஓயாத கேலி. "டீச்சர் வர்றதுக்கு முன்னாடி மணி வந்துருது. நம்மளால செத்த நேரம் தூங்கக்கூட முடியல" என்பீர்கள். நீங்கள் தூங்கி நான் பார்த்ததில்லை.

கௌசல்யா முதன்முதலாக அந்த அறைக்கு வந்தபோதும் மணிச் சத்தத்தை வைத்துத்தான் என் பக்கம் திரும்பினாள். வத்தலக்குண்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள், கூட அவள் அம்மா. சேர்க்கைக்குக் கடைசித் தேதி என்ன என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார்கள். "அதான் வெப்சைட்ல போட்டிருக்கேம்மா" என்று நான்தான் சொன்னேன். அவள் போனை மேசைமேல் வைத்து நம் பக்கத்தை ஓடவிட்டாள். "படம். படம். படம்." என்றது அது. அறிவிப்பு முழுவதையும் ஸ்கேன் எடுத்துப் படமாக ஏற்றியிருந்தோம். அப்படித்தான் வழக்கம். முத்திரையும் பச்சை மையில் கையெழுத்தும் தெரிந்தால்தானே அலுவலகத்துக்குத் திருப்தி.

"அண்ணே, உங்க வெப்சைட்ல எம்புட்டுப் படம் இருக்கு!" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் உங்களைக் குத்தியது என்று நினைக்கிறேன்.

கடைசித் தேதி முந்தைய நாளே முடிந்திருந்தது. அவளையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு சேர்க்கைப் பிரிவுக்குப் போனீர்கள், அங்கிருந்து பதிவாளர் அறைக்குப் போனீர்கள். நீங்கள் கெஞ்சி நான் கேட்டது அன்றைக்குத்தான். ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் போயிற்று. திரும்பி வந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தீர்கள், அப்படியே மூடினீர்கள். உங்கள் வீட்டு வெஞ்சனம் அத்தனையும் அன்று நான்தான் தின்றேன். மறுநாள் இந்தப் பெட்டியைச் செய்யத் தொடங்கினீர்கள்.

பெட்டி வந்ததும் துறைகளெல்லாம் முறைத்துக்கொண்டன. சிலர் புள்ளி வைத்துத் தப்பிக்கப் பார்த்தார்கள். சிலர் பெட்டி முழுக்க மரியாதையைக் கொட்டினார்கள். "மாண்புமிகு துணைவேந்தர் அவர்கள் தமது பொற்கரங்களால் குத்துவிளக்கு ஏற்றி விழாவைச் சிறப்பித்தபோது" என்று ஒரு துறை அனுப்பியிருந்தது. நீங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்கள்.

"இதுல குத்துவிளக்கு எங்க டீச்சர்? ஆறு முதுகுதான் தெரியுது."

"அதுக்காக ஆறு முதுகுன்னா போடுவீக?"

போட்டீர்கள். உங்கள் அத்தாவுக்கு டவுனில் தோல் கிடங்கு இருந்த கதையை அப்போதுதான் சொன்னீர்கள். "ஓட்டை இருந்தா ஓட்டைன்னு சொல்லித்தான் தோலைக் குடுக்கணும்பாரு. தொட்டுப் பாக்கிறவன் கைக்குத் தெரியாமப் போயிருமா?" படத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டும், இல்லாததைச் சேர்க்கக் கூடாது, அம்புட்டுதான் என்றீர்கள். நம் தளத்துக்கு நாம் எழுதிய விதிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. எனக்கு மனப்பாடமாக இருப்பது இது மட்டும்தான்.

இந்த உள்ளபடி எழுதும் புத்தியால்தான் சிறுமலையில் மாட்டினோம். துணைவேந்தர் வெளியூர் விருந்தாளி ஒருவரோடு காரில் மலையேறிக்கொண்டிருந்தார். விருந்தாளி சும்மா இராமல் போனில் நம் இணையதளத்தைத் திறந்திருக்கிறார். கொண்டை ஊசி வளைவில் சிக்னல் ஏது? படம் ஒன்றும் வரவில்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் பெட்டியில் எழுதிய வாக்கியம் வந்து நின்றிருக்கிறது. அதை அவர் உரக்க வாசித்திருக்கிறார்: "துணைவேந்தர் கண்ணை மூடி அமர்ந்திருக்கிறார். பின்னால் ஒருவர் கொட்டாவி விடுகிறார்." கொட்டாவிக்காரர் அப்போது அதே காரில் முன் இருக்கையில் இருந்தார் என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் துணைவேந்தர் அறைக்குக் கூப்பிட்டு விட்டார்கள். பதிவாளர் முடிவோடு உட்கார்ந்திருந்தார். "அந்தப் பெட்டிய எடுத்துருங்க, பிரச்சினை தீந்துச்சு" என்றார். அடுத்த சேர்க்கை அறிவிப்பு வரும் நேரம். பெட்டி போனால் அதுவும் வெறும் படமாகத்தான் போகும். அந்தப் பெண்ணுக்கு இன்னொரு வருடமும் போகும். நீங்கள் துணைவேந்தரிடம் போனை நீட்டினீர்கள்.

"எழுதினது தப்புன்னா இப்பவே மாத்திர்றேன் சார். கண்ணு தொறந்திருக்கான்னு ஒரு தரம் படத்தப் பாத்துருங்க."

துணைவேந்தர் பார்த்தார். எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. நீங்கள் நிறுத்தவில்லை.

"பெட்டிய எடுக்கச் சொன்னா எடுத்துர்றேன் சார். ஆனா வத்தலக்குண்டுல ஒரு பிள்ள அத நம்பி உக்காந்திருக்கு. அதுகிட்ட யாரு சொல்றதுன்னு மட்டும் சொல்லிருங்க."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஏம்ப்பா, கண்ணு தொறந்த படம் ஒண்ணுகூடவா இல்ல எனக்கு?" என்று கேட்டார். "இருக்கு சார், தேடிப் போட்டுர்றேன்" என்றீர்கள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படம் மாறியது, பெட்டி தங்கியது. அந்த வருடம் கௌசல்யா சேர்ந்தாள். விண்ணப்பத்தை அறிவிப்பு வந்த அன்றைக்கே அனுப்பிவிட்டு நமக்குப் போன் செய்தாள். துணைவேந்தரைப் பார்த்துவிட்டு அன்று படிக்கட்டில் இறங்கும்போது, பெட்டி தப்பித்ததற்காக நான் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை, திட்டத்தான் செய்தேன். அதுவும் உங்களுக்குப் பிடித்திருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு வலி என்று போன் வந்தது. நான் சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்து போனைப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பேகம்பூரில் உங்கள் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்து உங்கள் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது வாசல்வரைதான் என்னால் வர முடிந்தது. உங்கள்மேல் கோபமாக இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. வேலையைப் பாதியில் வைத்துவிட்டுப் போகிற ஆள் இல்லையே நீங்கள்.

இதுவரை எழுதிவிட்டுப் பெட்டிக்குத் திரும்பினேன். முதலில் "அன்பும் பண்பும் நிறைந்த" என்று பெட்டியில் எழுதினேன். அன்பு படத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது டீச்சர் என்று கேட்பீர்கள். அழித்தேன். "ஈடு செய்ய முடியாத" என்று எழுதினேன். அது உண்மைதான், ஆனால் படத்தில் இல்லை. அதையும் அழித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போன பட்டமளிப்பு விழாவில் ஊழியர்கள் எல்லோரும் வரிசையாக நின்று எடுத்தது. அதிலிருந்து உங்களை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். அப்புறம் இப்படி எழுதினேன்:

"கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்ட ஒரு மனிதர். அரைக்கைச் சட்டை, பையில் மூடி இல்லாத பேனா, அதற்குக் கீழே மைக்கறை. கேமராவைப் பார்க்காமல், பாதிச் சிரிப்போடு பக்கத்தில் நிற்பவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நிற்பவரின் தோளும், அதில் தொங்கும் பையின் வாரும், வாரில் ஒரு சின்ன மணியும் மட்டும் தெரிகின்றன."

சேமித்துவிட்டுக் கௌசல்யாவைக் கூப்பிட்டேன். அவள் போனை ஓடவிட்டாள். செயலி உங்களை ஒரே மூச்சில், ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தது. அவள் இன்னொரு தரம் ஓடவிட்டாள். அப்புறம் கேட்டாள்:

"அந்த மணி உங்க பையில கெடக்கிறதுதானக்கா?"

"ஆமாம்மா."

"அப்ப சார் உங்ககிட்டதான் பேசிக்கிட்டு இருக்காரு. என்னக்கா சொன்னாரு?"

அது படத்தில் இல்லை, பாய். எனக்கு மட்டும்தான் தெரியும். படக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் என் பக்கம் குனிந்து, "இதுக்கும் நீங்கதான் எழுதப்போறீக டீச்சர். என்னைய அழகா எழுதிராதீக, உள்ளபடி எழுதுங்க" என்றீர்கள். நான் சிரித்த சிரிப்பில் மணி குலுங்கியது. அதற்குள் படம் எடுத்துவிட்டார்கள்.

அதை அப்படியே கௌசல்யாவிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள், பிறகு ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நானும்தான்.

உள்ளபடி எழுதியிருக்கிறேன், பாய். மைக்கறை உட்பட.